கௌரவத் தலைவருக்கு ஓட்டு இல்லை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் சத்யநாராயணன் சார் அவர்களே, செயற்குழுப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும், டாக்டர் சாரின் துணைவியார் சாராள் அம்மா அவர்களே, தாம்பரம், சேலையூர், வண்டலூர், பல்லாவரம் என்று பல இடங்களிலிருந்து டாக்டர் ஜீவரத்தினம் அவர்களுக்கு அஞ்சலி செலுத்த இங்கே வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மேடையில் பேசத் தெரியாது. கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது எனக்குப் பதிலாகத் தோழிதான் குரல் கொடுப்பாள். அதனால் எழுதிக்கொண்டு வந்ததைத்தான் படிக்கப்போகிறேன். இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டு வார்த்தையில் முடிக்க என்னால் முடியவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

என் பெயர் ஆஷா. கல்மேடு வன நண்பர்கள் கழகத்தில் கள உதவியாளராக வேலை பார்க்கிறேன். நான் உறுப்பினர் அல்ல, சம்பளத்துக்கு இருக்கும் ஆள். என் அப்பா பல்லாவரத்தில் தோல் பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். வேலையில் சேர்ந்த அன்று அம்மா கேட்டார்: "இன்னாடி வேல இது? பொதர எண்றதுக்குச் சம்பளமா? நம்ம வூட்டுப் பின்னாலகூடத்தான் கீது, வந்து எண்ணச் சொல்லு உங்க டாக்டர."

இதை டாக்டர் சாரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே எங்கள் தெருவுக்கு வந்து நின்றார். வீட்டின் பின்னால் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சங்கஞ்செடியைக் குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தார். அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டு, "எண்ணியாச்சும்மா. சம்பளம் யாரு தருவா?" என்று கேட்டார். என் அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டாக்டர் ஜீவரத்தினம் அவர்கள் அப்படிப்பட்ட மனிதர்.

சற்று முன்பு தலைவர் அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார். காட்டின் கிழக்குப் பக்கத்தில் உருவாகப்போகும் புல்வெளிக்கு 'டாக்டர் ஜீவரத்தினம் நினைவு மான் புல்வெளி' என்று பெயர் வைக்கப்போகிறார்கள். அங்கிருக்கும் புதர்களை எடுக்கத் திங்கட்கிழமை ஜே.சி.பி. வருகிறது. சாரின் பெயர் இருந்தால்தான் இந்த வேலைக்குப் பணம் தருவோம் என்று ஒரு நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதனால் கூட்டம் முடியும்போது சாராள் அம்மா மேடைக்கு வந்து குடும்பத்தின் சம்மதத்தைத் தருவார். இதைக் கேட்டு எல்லோரும் கைதட்டினீர்கள். அலுவலகத்தில் இருப்பதால் இந்த அறிவிப்பு வரும் என்று எனக்கு முன்பே தெரியும். நான் கைதட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதைத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கல்மேட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான காடு. பராமரிப்பை நம் கழகத்திடம் விட்டிருக்கிறார்கள். பெரிய மரங்கள் அதிகம் கிடையாது. காரை, களா, சூரை, சங்கு என்று முள்ளும் புதருமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ கவனிக்காமல் விட்ட மனை மாதிரிதான் தெரியும். ஆனால் கீரி, புனுகுப்பூனை, உடும்பு, கௌதாரி, கொம்பன் ஆந்தை எல்லாம் அந்த முள்ளுக்குள்தான் பிழைக்கின்றன. புள்ளிமான்களும் இருக்கின்றன.

டாக்டர் சார் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இந்த வட்டாரத்தில் 'மான் டாக்டர்' என்பார்கள். அந்தப் பெயர் சும்மா வந்ததா? நாய் கடித்த மான், கம்பி வேலியில் மாட்டிய மான், ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்ட மான் என்று எதுவாக இருந்தாலும் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு முதலில் ஓடியவர் அவர். ஒருமுறை கால் உடைந்த குட்டியைத் தன் பழைய காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனார். நான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மானுக்கு சவாரியா? மீட்டர் போட்டியா?"

"இல்லப்பா, ஷேர்ல போறோம். தாம்பரம்னா நீயும் ஏறு" என்றார் சார்.

அந்தக் குட்டி பிழைத்தது.

மழை பொய்த்த ஒரு கோடையில் மான்கள் தண்ணீருக்காகச் சாலைக்கு வர ஆரம்பித்தன. அப்போது காட்டுக்குள் சிமெண்ட் தொட்டி கட்டியவர் அவர்தான். லாரித் தண்ணீருக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டவரும் அவர்தான். நம் உறுப்பினர் ஸ்டெபின் அண்ணா அந்தத் தொட்டியில் மான்கள் வரிசையாகத் தண்ணீர் குடிக்கும் படத்தை எடுத்தார். அந்தப் படம் எங்கெல்லாமோ போனது. அதற்குப் பிறகுதான் கழகத்துக்குக் கூட்டம் வந்தது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மானைத் தத்தெடுக்கும் வழக்கமும் அப்போதுதான் வந்தது. மானுக்குப் பெயர் வைப்பது, கேரட் கொடுப்பது, படம் எடுத்துக்கொள்வது. கேட்டால் எல்லாம் நல்ல விஷயங்கள்தான். தொட்டி கோடைக்கு மட்டும் என்றுதான் சார் கட்டினார். அது வருடம் முழுவதும் நிரம்பியது. தீவனமும் சேர்ந்தது. மான்கள் பெருகின. நாமும் சந்தோஷப்பட்டோம்.

போன ஆண்டு ஐப்பசி மாதம் ஒருநாள். சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி சாருக்குப் போன் செய்தார். "டாக்டர், கண்ணாடில இடிச்சுக்கினு ஒரு குருவி வுழுந்து கீது. கலர் கலரா கீது, வாலே இல்ல. எவனோ வெட்டி வுட்டுட்டான்போல."

யாரும் வெட்டவில்லை. அது ஆறுமணிக்குருவி. அதற்கு வாலே அவ்வளவுதான். வடக்கேயிருந்து இரவெல்லாம் பறந்து வந்து, விடியும்போது நம் ஊர்க் கண்ணாடிகளில் மோதி விழும். சார் அதை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து, மயக்கம் தெளியும்வரை காத்திருந்தார். பிறகு காட்டில் விட்டுவிடலாம் என்று என்னையும் அழைத்துக்கொண்டு கல்மேட்டுக்கு வந்தார்.

அந்தக் குருவி மரத்தில் இரை தேடுவதல்ல. புதருக்கு அடியில், நிழலில், ஈரச் சருகைப் புரட்டிப் புழு தின்பது. அப்படி ஓர் இடம் தேடி நடந்தோம். மேற்குப் பக்கம் போனோம். தொட்டியைச் சுற்றிப் பார்த்தோம். பாறைக்குப் பின்னால் போனோம். எங்கே பார்த்தாலும் தரையிலிருந்து மானின் வாய் எட்டும் உயரம்வரை கத்தரித்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. மேலே இலை, கீழே குச்சி, அதற்குக் கீழே காய்ந்த மண். புதிதாக முளைத்த கன்று ஒன்றுகூட இல்லை. நான் தினமும் நடந்த இடம்தான் அது. மான்களைப் பார்த்துப் பார்த்தே நடந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் கிழக்குப் பக்கம் போனோம். சாலைக்கு ஓரம் என்பதால் வண்டிச் சத்தத்துக்குப் பயந்து மான்கள் அங்கே மேய்வதில்லை. அங்கே மட்டும் காரையும் களாவும் தரைவரை இறங்கி நின்றன. சார் முட்டிபோட்டுப் பெட்டியைத் திறந்தார். குருவி கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு தத்தித் தத்திப் புதருக்குள் போய் ஒரு சருகைப் புரட்டியது.

சார் எழுந்திருக்கவில்லை. "இவ்ளோ பெரிய காட்டுல ஒரு குருவிய எறக்கி விட எடம் இல்ல ஆஷா. நான்தான் தொட்டி கட்டினேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மானுக்கு எதிரியாகிவிட்டார் என்று சிலர் பேசினீர்கள். மான் டாக்டருக்குப் புத்தி மாறிவிட்டது என்றும் பேசினீர்கள். அவர் என்ன கேட்டார்? மானைச் சுடச் சொன்னாரா? பட்டினி போடச் சொன்னாரா? தொட்டியை வறண்ட மாதங்களுக்கு மட்டும் நிரப்பலாம், தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தலாம் என்றார். காட்டைப் பகுதி பகுதியாக வேலியடைத்துப் புதர்களை மீண்டும் வளரவிடலாம், எண்ணிக்கை தாங்காவிட்டால் வனத்துறையிடம் சொல்லி வேறு காட்டுக்குக் கொண்டுபோகச் செய்யலாம் என்றார். "மானு வேணும். ஆனா மானுக்கே நாளைக்குத் திங்க எல வேணுமில்ல? மரக்கன்னு இல்லாத காட்டுல இப்ப இருக்கிற மரம்தான் கடைசி மரம்" என்றார். இதில் எது தவறு?

சத்யநாராயணன் சார் சொன்ன பதிலையும் நான் மறைக்கக் கூடாது. அது அலட்சியமான பதில் அல்ல. "டாக்டர், மான் இல்லேன்னா யார் சார் வருவா? புதரைப் பார்க்க எவனாவது குழந்தையைக் கூட்டிண்டு வருவானா? ஜனம் வரலேன்னா டிரஸ்ட்காரங்க நிலத்தை ஃபிளாட்காரனுக்குக் கொடுத்துட்டுப் போயிடுவா. அப்போ உங்க குருவியும் இல்லை, புதரும் இல்லை" என்றார். இந்தப் பயம் உண்மையான பயம். சுற்றிலும் எழும்பும் கட்டடங்களைப் பார்த்தால் எனக்கும் அந்தப் பயம் வரும். சாருக்கும் இருந்தது. அதனால்தான் சண்டை போடாமல், உறுப்பினர்களைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றார்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்தார். என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துதான் வந்தார். எத்தனை வீட்டில் காபி குடித்திருப்போம்? எத்தனை வீட்டில் முறுக்குத் தட்டை நீட்டினீர்கள்? "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று சொல்லாத வீடு ஒன்று உண்டா? திரும்பி வரும்போதெல்லாம் சார் சந்தோஷமாக இருப்பார். "பாத்தியா, படிச்ச ஜனங்க. எடுத்துச் சொன்னா புரியுது" என்பார். அந்த வீடுகளின் வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது உள்ளேயிருந்து என் காதில் விழுந்த வேறு பேச்சுகளை அவரிடம் சொல்லவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

ஆண்டுக் கூட்டம் இதே மண்டபத்தில் நடந்தது. முதல் தீர்மானமாக என்ன வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். பல ஆண்டுகள் தலைவராக இருந்து தொண்டு செய்த டாக்டர் ஜீவரத்தினம் அவர்களுக்குக் 'கௌரவத் தலைவர்' பட்டம். அவருக்குத் தெரியாமல் வைத்திருந்தீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள். ஆளுயர மாலை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்தக் கழகம்தான் என் குடும்பம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது தீர்மானம் கிழக்குப் பக்கப் புதர்களை எடுத்துவிட்டு மான் புல்வெளி அமைப்பது. எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்கள். பொன்னாடையோடு சார் கையைத் தூக்கினார்.

அப்போது செயலாளராக இருந்த சத்யநாராயணன் சார் மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், கையை இறக்கிடுங்கோ. கௌரவத் தலைவருக்கு ஓட்டு கிடையாது சார். நம்ம விதி அப்படி. நீங்களே எழுதின விதிதான்."

சிலர் சிரித்தார்கள். சாரும் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துக் கூடவே சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கையை உடனே இறக்கவில்லை. மண்டபம் முழுக்க மெதுவாகப் பார்த்தார். காபி கொடுத்தவர்களைப் பார்த்தார். முறுக்குக் கொடுத்தவர்களைப் பார்த்தார். யாராவது கை தூக்கினீர்களா? ஒருவராவது? எனக்கு அங்கே கை தூக்க உரிமை இல்லை. நான் சுவரோரம் நின்று சுண்டல் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு உரிமை இருந்தது.

மேடையில் மாலை போட்டு வைத்திருக்கும் அந்தப் படத்தைப் பாருங்கள். பொன்னாடையோடு சார் சிரிக்கும் படம். ஸ்டெபின் அண்ணா அன்றைக்கு எடுத்தது. முதல் தீர்மானத்துக்கும் இரண்டாவது தீர்மானத்துக்கும் நடுவில் எடுத்த படம் அது. எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார். உங்களை நம்பிச் சிரிக்கிறார். காலையில் இந்த நாற்காலிகளைப் போட வந்ததிலிருந்து என்னால் அந்தப் படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு அவரை வீட்டில் விடப் போனேன். தெருமுனையில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். பொன்னாடையை ஒழுங்காக மடித்தார். "நல்ல துணி ஆஷா. சாராளுக்குப் புடிக்கும். அவகிட்ட மத்தது எதையும் சொல்லிடாத. இன்னைக்குத்தான் எனக்கு மரியாத கெடச்சதா நெனச்சுட்டு இருக்கட்டும்" என்றார்.

சாராள் அம்மா, உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதை இன்று இத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். அவர் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றாதவர்களில் இன்று நானும் சேர்ந்துவிட்டேன். சொல்லாமல் இருக்க முடிந்திருந்தால் இருந்திருப்பேன்.

எனக்கு டாக்டர் சார் மீதும் கோபம் உண்டு. இரங்கல் கூட்டத்தில் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் உண்மை அதுதான். அதற்குப் பிறகும் கழகத்தின் ஒவ்வொரு விழாவுக்கும் போனார். நடுநாற்காலியில் உட்கார்ந்தார். புல்வெளிக்கான அறிமுக விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார். நான் பொறுக்க முடியாமல், "ஏன் சார் போனீங்க?" என்று கேட்டேன். "கூப்ட்டாங்கம்மா" என்றார். அவ்வளவுதான் பதில். அந்த விளக்கை அவர் ஏற்றாமல் இருந்திருந்தால், இன்று அவர் பெயரைக் கேட்க யாருக்காவது துணிச்சல் வந்திருக்குமா? அவர் அந்த விளக்கை ஏற்றியதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர் இருக்கும்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். அவர் இதயம் இப்படித் திடீரென்று நின்றுபோகும் என்று யார் நினைத்தார்கள்?

ஆனால் விழா முடிந்த மறுநாள் காலை அவர் எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். கிழக்குப் பக்கம், சாலையோரம், களாப் புதர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "இந்த எடம் போச்சுன்னா, அடுத்த ஐப்பசிக்கு வர்ற குருவி எங்க எறங்கும்?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பெரியவர்களே, மான் அழகானது. மானைப் பார்க்கக் குழந்தைகள் வருகிறார்கள். குழந்தைகள் வருவதால் இந்த நிலம் பிழைத்திருக்கிறது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் வளர்த்துக்கொண்டே போனால், அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் மற்றதெல்லாம் சத்தமில்லாமல் போய்விடுகிறது. போனபிறகு நாம் காப்பாற்றிய அந்த ஒன்றும் எதைத் தின்னும்? மானை வைத்துக்கொண்டே காட்டையும் வைத்துக்கொள்ள முடியும் என்றுதான் டாக்டர் ஜீவரத்தினம் அவர்கள் சொன்னார். காலமெல்லாம் மானைத் தூக்கிச் சுமந்த ஒருவர் சொன்னதைக்கூட நாம் கேட்கவில்லை என்றால், வேறு யார் சொல்லிக் கேட்கப்போகிறோம்?

இந்த உரைக்குப் பிறகு எனக்கு இந்த வேலை இருக்குமா என்று தெரியாது. அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். "போனா போவுது. அந்த மனுசன் நம்ம வூட்ல டீ குடிச்சவரு" என்றார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்மேட்டுக்குப் போவேன். வேலிக்கு உள்ளே விடாவிட்டால் சாலையில் நின்று பார்ப்பேன். எது முளைக்கிறது, எது முளைக்கவில்லை என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவருக்கு நான் தரக்கூடிய வாக்குறுதி இவ்வளவுதான். கேட்பதும் கேட்காததும் உங்கள் விருப்பம்.

கடைசியாக ஒன்று. எழுதும்போது இதை முதலில்தான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். இங்கே நின்று கேட்கத் தைரியம் வருமா என்று தெரியாததால் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். இது செயற்குழுவிடம் கேட்பதல்ல. அவர்களிடம் கேட்டுப் பார்த்தாயிற்று.

சாராள் அம்மா, இன்னும் சற்று நேரத்தில் உங்களை மேடைக்கு அழைப்பார்கள். மரியாதையாகத்தான் அழைப்பார்கள். பொன்னாடையும் தயாராக இருக்கிறது, நான்தான் வாங்கி வந்தேன். எனக்கு ஓட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சாரின் பெயர் இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள், அம்மா.